ஊசி மார்க் சேசம்மாள்

சேசம்மாள் முதன்முதலாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தது 1963 ஜூன் மாதம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தாதர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடை மாடியில், இரண்டே அறைகளில் எங்கள் விளம்பரக் கம்பெனி நடந்துவந்தது. சினிமாத் தியேட்டர்களுக்கு ஸ்லைடு செய்து கொடுப்பதுதான் தொழில். படம் தொடங்கும் முன்பும் இடைவேளையிலும் கடைப்பெயரும் படமுமாகத் திரையில் வந்து போகுமே, அந்தக் கண்ணாடிச் சில்லுகள். முதலாளி திருவேங்கடம். வாசகம் எழுதுவது, படம் போடுவது, கண்ணாடியில் வர்ணம் தீட்டுவது எல்லாம் நான். என் பெயர் மகாதேவன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன். அப்போது எனக்கு வயது முப்பது. எனக்குக் கவிதை வரும் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்த காலம்.

உள்ளே வந்தவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். குடையை வாசலில் சாத்திவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை முதலாளியின் மேஜைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு ஜோடி ஆண்கள் செருப்பு.

"ஏய், செருப்பைக் கீழே வை! லக்ஷ்மி படம் இருக்கு, கண்ணு தெரியலை?" என்று முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இது யாரும் காலுல போட்டது இல்ல சார். புதுசு. விக்கிற சாமான மேசையில வைக்காம எங்கன வைக்க?"

சொன்னவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் பொட்டலத்தை எடுக்கவும் இல்லை. கடைசியில் முதலாளிதான் லக்ஷ்மி படத்தைத் தூக்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்தார்.

"ஸ்லைடு போடணும்" என்றார் சேசம்மாள் என்னிடம் திரும்பி. "கிங்ஸ் சர்க்கிள்ல ஞாயித்துக்கெழம காலையில தமிழ்ப் படம் ஓட்டுதாங்கல்லா, அதுல."

நான் பென்சிலை எடுத்தேன். "என்ன எழுதணும், சொல்லுங்கோ."

அவர் நிமிர்ந்து நின்றுகொண்டார். கோயிலில் ஜெபம் ஒப்பிப்பது போல, எழுத்துத் தமிழில் சொன்னார்: "ஊசி மார்க் செருப்பு. தைத்தது. ஒட்டியதல்ல. லேபர் கேம்ப், தாராவி."

எழுதிக்கொண்டேன். மேலே ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

"அப்புறம்?"

"அம்புட்டுதான்."

முதலாளி சிரித்துவிட்டார். "இதோ பாரு, ஒரு வார்த்தை போட்டாலும் ஒரே வாடகைதான், நாப்பது வார்த்தை போட்டாலும் அதே வாடகைதான். இடத்தைக் காலியா விட்டா நஷ்டம் உனக்குத்தான். அதோட, ஊசின்னு பேர் வெச்சா குத்தும்னு நினைக்க மாட்டானா? ஊசிப்போன செருப்புன்னு கேலி பண்ணுவா. உன் பேரையே வெச்சுக்கோயேன்."

"என் பேருல சேசு இருக்காரு. அவர மனுசங்காலுக்கு அடியில போடவா?" என்றார் சேசம்மாள். "ஊசியே இருக்கட்டும். குத்துனாத்தான் தையலு நிக்கும்."

முன்பணம் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லி இறங்கிப் போனார்.

அவருடைய கதை எனக்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. நாங்குநேரிப் பக்கத்து ஊர். கல்யாணமானதும் தாராவிக்கு வந்தவர். கணவர் சேசுராஜ் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். 1957இல் காய்ச்சல் கண்டு பத்தே நாளில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்லி அண்ணன்மார் ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். இவர் போகவில்லை. கணவரின் தோழர்களிடம் குத்தூசி பிடிக்கப் பழகிக்கொண்டு, தாதரில் இருந்த கோமதி ஷூ மார்ட்டுக்குச் செருப்பு தைத்துக் கொடுத்தார். கடைக்காரர் கணேசபாண்டியன், திருநெல்வேலிக்காரர்தான். ஐந்து வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

1962இல் கணேசபாண்டியன் ஒரு புது வழி கண்டுபிடித்தார். அடித்தோலைத் தைக்க வேண்டாம், சொல்யூஷன் தடவி ஒட்டினால் போதும். தைத்தது போலத் தெரிவதற்கு ஓரத்தில் ஒரு சின்னப் பல்சக்கரத்தை உருட்டிக் கோடு போட்டுவிடலாம். ஒரு ஜோடி தைக்கிற நேரத்தில் ஆறு ஜோடி ஒட்டலாம். சேசம்மாளும் நாலு மாதம் ஒட்டினார். அந்த மழைக்காலத்தில் டிராம்பே எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் ஓர் ஆள், அவருடைய தெருக்காரர்தான், வாய் பிளந்த செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். கடைக்குப் போகவில்லை. நேரே சேசம்மாள் வீட்டு வாசலில் போட்டார்.

"நீங்க செஞ்சதுன்னு நம்பித்தானக்கா வாங்குனேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வெறுங்காலோடு சேற்றில் நடந்து போனாராம்.

மறுநாள் காலை சேசம்மாள் கணேசபாண்டியனின் பல்சக்கரத்தை அவர் கல்லாப் பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். பக்கத்துக் கோலியில், ஒற்றை அறை வீட்டில், இருந்த பீவியைச் சேர்த்துக்கொண்டு, லேபர் கேம்ப்பில் தகரம் வேய்ந்த ஓர் அறையைப் பிடித்தார். ஊசி மார்க் பிறந்தது அப்படித்தான்.

இதெல்லாம் தெரியாத நான், அந்த ஒரு வாரமும் என் திறமை முழுவதையும் அந்தக் கண்ணாடியில் கொட்டினேன். சுற்றிலும் தாமரைக்கொடி. நடுவில் கொலுசு போட்ட ஒரு பெண்ணின் பாதம். மேலே நானே கட்டிய செய்யுள்:

மங்கையர் போற்றும் மலரடிக் கேற்ற
தங்கம் நிகர்த்த தரமிகு செருப்பு.

கீழே, 'நவநாகரிகம்! நீடித்த உழைப்பு! நியாயமான விலை! ஒருமுறை விஜயம் செய்வீர்!' ஊசி மார்க்கும் தைத்ததும் ஒட்டியதல்லவும் வலது மூலையில் பொடி எழுத்தில் இருந்தன. முதலாளிக்குப் பரம திருப்தி.

சேசம்மாள் வந்தார். ஸ்லைடை விளக்குப் பெட்டியில் போட்டுச் சுவரில் காட்டப்போனேன்.

"இருங்க. தியேட்டர்ல எம்புட்டு நேரம் காட்டுவாங்க?"

"பத்து எண்ணற வரைக்கும் இருக்கும்."

"அப்பம் நீங்களும் பத்து எண்ணிட்டு அமத்திருங்க."

விளக்கைப் போட்டு எண்ணத் தொடங்கினேன். அவர் விரலை நீட்டி, சத்தமாக எழுத்துக்கூட்டினார். "மங்... கை... யர்... போற்... றும்... மல... ரடி..." பத்து வந்தது. விளக்கை அணைத்தேன்.

சேசம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"எந்தச் செருப்பு, எங்கன கெடைக்கும், ஒண்ணும் வரலையே சார்" என்றார். "நான் மூணாங்கிளாஸ். என் செருப்ப வாங்குதவனும் என்ன மாதிரிதான். டிராம்பேல எட்டு மணிநேரம் நின்னுட்டு வந்து உக்காந்திருப்பான். அவன் உங்க பாட்டையா படிப்பான்? இங்கன பொறந்த புள்ளைகளுக்கு என்னளவுக்குக்கூட தமிழு வராது. படத்தப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கிடணும். நீங்க பொம்பளக் கால வரைஞ்சு வச்சிருக்கீங்க. நான் ஆம்பளச் செருப்பு தைக்கேன்."

"ஜனங்க ஒரு கலையழகை எதிர்பார்க்கறா, அம்மா" என்று நான் இழுத்தேன்.

"கொடி என்ன சொல்லுது?"

"கொடி ஒண்ணும் சொல்லலை. அலங்காரம்."

"அப்பம் அத அழிங்க. இந்தப் பாட்டு?"

"அது... உயர்வு நவிற்சி."

"அழிங்க. நியாயமான விலைன்னு யாரு போடல? அநியாய விலைன்னு யாராவது போடுவானா? அழிங்க."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அப்படி யாரும் என் எழுத்தைக் கூறு கூறாகப் பிரித்துக் கேட்டதில்லை. அந்தக் கோபத்திலேயே ஒரு காகிதத்தை இழுத்து, கறுப்பு மை பூசி, அதன்மேல் வெள்ளையில் ஒற்றைச் செருப்பைப் பக்கவாட்டில் வரைந்தேன். ஓரத்தில் தையல். தையலின் நுனியில் நூல் கோத்த ஓர் ஊசி. கீழே அவர் சொன்ன சொற்கள், தடிமனாக. 'இதோ, உன் இஷ்டப்படியே வெறுமையாக இருக்கிறது பார்' என்று காட்டத்தான் போட்டேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, அறையில் இருந்த எல்லா ஸ்லைடுகளையும் விட அது ஒன்றுதான் கண்ணில் நின்றது. அதை நான் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

சேசம்மாள் குனிந்து தையலை எண்ணினார். "இன்னும் நெருக்கமா போடுங்க. இப்பிடி எட்ட எட்ட நான் தைக்க மாட்டேன்."

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் கிங்ஸ் சர்க்கிள் தியேட்டருக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். காப்பிப்பொடி, கூந்தல் தைலம், பட்டுப்புடவை என்று வரிசையாக ஸ்லைடுகள் வந்தன. எல்லாவற்றிலும் பூவும் பொம்மையும் எழுத்தும் நெரிந்தன. ஜனங்கள் பேசிக்கொண்டும் பட்டாணி கொறித்துக்கொண்டும் இருந்தார்கள். திடீரென்று திரை கறுத்தது. ஒரே ஒரு செருப்பு. பேச்சு அப்படியே நின்றது.

"டேய், ஊசிப்போன செருப்புடா!" என்று முன்னாலிருந்து ஒருவன் கத்தினான். தியேட்டரே சிரித்தது. எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. அப்போது நடுவரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார். சேசம்மாள். பக்கத்தில் பீவி அவர் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஊசிப்போறதுக்கு இது என்ன சாம்பாரா? நாளைக்கு வந்து இழுத்துப் பாரு, பிய்யுதான்னு!"

இரண்டாவது முறை எழுந்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. இடைவேளையில் ஸ்லைடு மறுபடி வந்தபோது பாதித் தியேட்டர் சேர்ந்து வாசித்தது: "தைத்தது! ஒட்டியதல்ல!" படம் முடிந்து வெளியே வரும்போது ஒருவர் தன் மனைவியிடம், "நம்ம கல்யாணம் தைத்ததா, ஒட்டியதா?" என்று கேட்டதையும், அந்த அம்மாள் "அப்பப்போ பிஞ்சுக்குது" என்று பதில் சொன்னதையும் என் காதால் கேட்டேன். நான் எழுதிய எந்த வாசகத்தையும் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்றாவது வாரம் லேபர் கேம்ப் அறை வாசலில் ஆட்கள் காத்து நிற்கத் தொடங்கினார்கள். வந்தவர்கள் செருப்பை வாங்கி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டே காலில் போட்டார்கள். சேசம்மாள் இன்னும் இரண்டு பெண்களை வேலைக்குச் சேர்த்தார்.

ஐந்தாவது வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். முகம் சரியாக இல்லை. கோமதி ஷூ மார்ட் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர்; பன்னிரண்டு தியேட்டர்களில் அவர்கள் ஸ்லைடு ஓடியது. கணேசபாண்டியன் நேரில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் செருப்பைத் திருப்பிப் பார்த்து, 'இது தைத்ததா, ஒட்டியதா?' என்று கேட்கிறார்களாம்.

சேசம்மாளை வரவழைத்தார் முதலாளி. இந்தத் தடவை உட்காரச் சொன்னார்.

"அந்த 'ஒட்டியதல்ல' மட்டும் வேண்டாம். 'தைத்தது'ன்னா ஒட்டியதில்லைன்னு அர்த்தம் வந்துடறதோல்லியோ? ஒரு வார்த்தை மிச்சம். சுருக்கமா இருக்கணும்னு நீயே சொன்னியாமே!"

"சக்கரத்த உருட்டிக் கோடு போட்டுட்டு அவரும்தான் தைத்ததுங்காரு" என்றார் சேசம்மாள். "தைத்ததுன்னு யாரும் சொல்லிரலாம் சார். ஒட்டியதல்லன்னு அவரால சொல்ல முடியாது. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

"மூணு மாசம் இலவசமா ஓட்டித் தரேன். முழுக் கலர்ல."

"கலரு வேண்டாம்."

"அப்போ என் கம்பெனி மூலமா அந்த ஸ்லைடு ஓடாது."

"சரி. கண்ணாடியக் குடுங்க. அது நான் துட்டு குடுத்துச் செஞ்சது."

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் சுற்றிக்கொண்டு, படியில் நிதானமாக இறங்கினார். கிங்ஸ் சர்க்கிள் தியேட்டர்க்காரர்கள் கம்பெனி மூலமாகத்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கிருந்தே பஸ் ஏறிச் செம்பூருக்குப் போனார். அங்கே ஒரு தியேட்டரில் மானேஜரே நேரில் ஸ்லைடு வாங்கிக்கொள்வார். டிராம்பே, மான்குர்த் பக்கத்துத் தொழிலாளிகள் வந்து நிறைகிற தியேட்டர் அது. தமிழ் மட்டும் போதாது, இந்தியிலும் ஒன்று வேண்டும் என்றார் மானேஜர்.

அந்த இந்தி ஸ்லைடை நான் மாட்டுங்காவில் என் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். முதலாளிக்குத் தெரியாது. ஏன் எழுதினேன் என்று என் மனைவி கேட்டாள். நான் மையைத் தொட்டு எழுதிக்கொண்டே இருந்தேன். 'ஸிலா ஹுவா. சிப்காயா நஹீ.' அதே தைத்தது, ஒட்டியதல்ல; வேறொன்றும் இல்லை. கொண்டுபோய்க் கொடுத்தபோது சேசம்மாள் பீவியின் மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார், நான் ஏதாவது சேர்த்திருக்கிறேனா என்று. சேர்க்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு டீ வந்தது.

அக்டோபரில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மூன்று பக்கம், இங்கிலீஷில். முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து சேசம்மாள் அதை என்னிடம் எடுத்து வந்தார். தங்கள் கட்சிக்காரரான கோமதி ஷூ மார்ட்டின் சரக்கை இழிவுபடுத்தும் உள்நோக்கத்தோடு விளம்பரம் செய்திருப்பதாகவும், ஏழு நாளில் அதை நிறுத்தி, அதே திரையில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும், தவறினால் கோர்ட்டுக்குப் போவோம் என்றும் எழுதியிருந்தது.

"என் செருப்பு பிஞ்சிதுன்னு எழுதிருக்கா?"

"இல்லை."

"நான் தைக்கலைன்னு?"

"இல்லை."

"பொறவு எதுக்கு மன்னிப்பு?"

பதில் எழுதச் சொன்னார். நான் இரண்டு பக்கம் எழுதினேன். அவருடைய ஏழ்மை, விதவை நிலை, சிறு தொழிலின் மேன்மை, நாட்டின் முன்னேற்றம், எல்லாம் அதில் இருந்தன. தமிழில் சொல்லிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நான் விதவைன்னு அவருக்கு எதுக்கு? அழுது கேக்க மாதிரி இருக்கு. எடுத்திருங்க." இரண்டு பக்கமும் போயிற்று. "இப்பிடி எழுதுங்க: என் செருப்பு தைத்தது, ஒட்டியதல்ல. உங்க ஆளு செருப்பப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல." கொஞ்சம் யோசித்தார். "அவரே சொல்லட்டும்னு போடுங்க."

அந்த மூன்று வரியை ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்துக் கொடுத்தேன். சேசம்மாள், தமிழில், எழுத்துக்கு எழுத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகு கார்பன் நகலை மேஜையிலேயே விட்டுவிட்டேன். திரும்பி வந்த முதலாளி அதை எடுத்துப் படித்தார்.

"யார் எழுதினது ஓய் இது?"

மறைத்திருக்கலாம். வீட்டில் இரண்டு குழந்தைகள். ஆனால் சற்று முன் ஒரு பெண் என் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதைப் பார்த்த பிறகு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான்தான் அடிச்சேன்."

"அப்போ நாளையிலேர்ந்து அங்கேயே போய்ச் செருப்பு தையும்."

தாதரிலிருந்து மாட்டுங்கா வரை நடந்தே வந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் வழியெல்லாம் அந்த மூன்று வரிதான் மனதில் ஓடியது. இவ்வளவு நல்ல கடிதத்தை நான் அதற்கு முன் டைப் அடித்ததில்லை.

பத்து நாள் கழித்து லேபர் கேம்ப் அறையில் உட்கார்ந்து ஒரு தகரப் பலகைக்கு எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வேலையில்லாத எனக்கு சேசம்மாள் கொடுத்த வேலை. நாலு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அடித்தோல் ஊறுகிற வாளி நடுவில் இருந்தது. வாசலில் நிழல் விழுந்தது. கணேசபாண்டியன், வெள்ளை வேட்டி சட்டையில்.

"ஏ சேசம்மா, ஒனக்குத் தொழில் குடுத்தவன் நான். மறந்துட்டியா?"

சேசம்மாள் கையிலிருந்த தையலை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "மறக்கல அண்ணாச்சி. வேல குடுத்தீங்க, வாங்குனேன். தொழிலு என் கையில இருந்துது."

"காலிபீலி, சும்மா எதுக்கு வம்பு? கோர்ட்டு, வக்கீலுன்னு நீ தாங்குவியா? அந்த ரெண்டாவது வார்த்தைய எடுத்துரு. நீ தைக்கது பூரா நானே எடுத்துக்கிடுதேன். ஒனக்கு ஸ்லைடே வேண்டாம்."

சேசம்மாளின் கண் கணேசபாண்டியனின் முகத்தில் இல்லை, காலில் இருந்தது.

"அண்ணாச்சி, அந்தக் கால கொஞ்சம் முன்னால வைங்க."

அவரும் ஒன்றும் தோன்றாமல் வைத்துவிட்டார். சேசம்மாள் குனிந்து பார்த்தார்.

"இது என் தையலு. குதிகால்ல ரெட்ட முடிச்சு நான் ஒருத்திதான் போடுவேன். மூணு வருசம் இருக்கும், என்ன? உங்க கடையில அம்புட்டுப் புதுச் செருப்பு அடுக்கி வச்சிருக்கீங்க. உங்க காலுக்கு மட்டும் இதுதான் வேண்டியிருக்கோ?"

முதலில் சிரித்தது பீவி. பிறகு மற்ற பெண்கள். கணேசபாண்டியன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"உங்க கடைச் செருப்புல ஒண்ணப் போட்டுக்கிட்டு அடுத்த மழைக்காலம் முழுக்க நடங்க" என்றார் சேசம்மாள். அவர் குரல் அப்போதும் உயரவில்லை. "அது பிய்யலன்னா நீங்களே வந்து சொல்லுங்க. நான் அந்த வார்த்தைய எடுத்திருதேன்."

"பொம்பள யாவாரம் எத்தன நாளைக்கு ஓடுதுன்னு நானும் பாக்கேன்."

"பாருங்க."

அவர் போனதும் எனக்குக் கை துறுதுறுத்தது. பலகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். "அம்மா, இதைவிட ஒரு ஸ்லைடு கிடைக்குமா? 'கோமதி மார்ட் முதலாளியே அணிவது ஊசி மார்க்!' ஊரே கொண்டாடும்!"

"வேண்டாம்."

"ஏன்? நிஜம்தானே?"

"நிசந்தான். ஆனா அப்பிடிப் போட்டா எல்லாரும் அவரு கதையத்தான் பேசுவாங்க. என் ஸ்லைடுல என் செருப்பு மட்டும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அடித்தோலை வாளியிலிருந்து எடுத்தார்.

வக்கீலிடமிருந்து மறு கடிதம் வரவில்லை. ஆனால் கணேசபாண்டியன் சும்மா இருக்கவும் இல்லை. தாதரில் தோல் மொத்த வியாபாரிகள் இரண்டு பேர் சேசம்மாளுக்குச் சரக்கு கொடுப்பதை நிறுத்தினார்கள். அவர் தாராவியிலேயே, கணவர் வேலை செய்த ஷாப்பில் நேராகத் தோல் எடுத்தார். 1965இல் டிராம்பே காண்ட்ராக்டர் ஒருவர் நானூறு ஜோடி பதினைந்து நாளில் வேண்டும் என்று வந்தார். நாற்பது நாள் ஆகும் என்றார் சேசம்மாள். பாதியை ஒட்டித் தரலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று காண்ட்ராக்டர் சொல்ல, அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அந்த ஆர்டர் போனது போனதுதான். பீவி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. கடைசியில் பீவிதான், "ஒனக்கென்ன, தனிக்கட்டை. எனக்கு மூணு புள்ள" என்று வெடித்து அழுதார். சேசம்மாள் அன்றைக்கு மட்டும் குத்தூசியைக் கையில் எடுக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவருக்கும் அது எளிதாக இருந்திருக்காது.

அதே வருஷம் கோமதி மார்ட்டின் புது ஸ்லைடில் 'உறுதியான தையல்' என்று ஒரு வரி வந்தது. ரோஜாப்பூ, பண்டிகை வாழ்த்து, தள்ளுபடி, நட்சத்திரம் இவற்றுக்கு நடுவே அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நிஜமாகவே தைக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். சேசம்மாளிடம் சொன்னேன். "நல்லதுதான். சனங்க கால் நனையாது" என்றார்.

1966இல் மாட்டுங்காவில் ஒரே அறையில் நான் சொந்தக் கம்பெனி தொடங்கினேன். முதல் வாடிக்கையாளர் அவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஆசையோடு போனேன். அப்போது அறை மூன்றாகியிருந்தது. பன்னிரண்டு பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"புதுசா சொல்ல என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"பழையதையே போடலாமே."

"அதுதான் எல்லாருக்கும் தெரிஞ்சிட்டே சார். தெரிஞ்சதுக்கு எதுக்குத் துட்டு? சொல்ல ஏதாவது இருந்தா நானே வாறேன்."

ஏமாற்றத்தோடு திரும்பினேன். என் முதல் வாடிக்கையாளர் ஓர் அப்பளக் கம்பெனிக்காரர். பத்து வரி எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு வரியாக, இது என்ன சொல்லுகிறது என்று அவரைக் கேட்டேன். கோபித்துக்கொண்டு எழுந்து போய், இரண்டு நாள் கழித்து இரண்டு வரியோடு திரும்பி வந்தார்.

சேசம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 1968 மே மாதம், பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருந்தபோது, என் அறைக்குள் வந்து மேஜைமேல் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஜோடி.

"பிள்ளைகளுக்கும். அது ஒண்ணச் சேத்துக்கிடுங்க."

"பேஷ்! ஒரு குழந்தை சிரிச்சிண்டு ஓடற மாதிரி படம் போடட்டுமா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"செருப்ப சின்னதாப் போடுங்க, போதும்."

சின்னதாகப் போட்டேன்.